டர்போ வந்ததும் நாதம் குறைந்தது ஏன்? ஓட்டும் சுகமும் குறைந்ததா?

நேர்வரிசை_6:

வணக்கம் நண்பர்களே. ஒரே காரின் இரண்டு வடிவங்களை வைத்துக் கேட்டால் பேச்சு திசைமாறாது என்பதால் போர்ஷே 911ஐ எடுத்துக்கொள்கிறேன். 991 வரிசையின் முதல் பாதியில் வந்த கரேரா எஸ் காரில் டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) இல்லாத 3.8 லிட்டர் எஞ்சின். 7,400 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) 400 பிஎஸ் சக்தி, 5,600இல் 440 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை. 2015இல் அதே உடம்புக்குள் 3.0 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சின் வந்தது. 6,500இல் 420 பிஎஸ், 1,700 தொடங்கி 5,000 வரை 500 நியூட்டன் மீட்டர். எண்களைப் பார்த்தால் புதியதுதான் எல்லா வகையிலும் மேல். ஆனால் ஓட்டத் தெரிந்தவர்கள் பலரும் பழையதையே தேடுகிறார்கள்.

என் கேள்விகள் மூன்று. சத்தம் மாறுவதற்கு உண்மையான காரணம் என்ன, சைலன்சரை மாற்றினால் திரும்ப வருமா? ஓட்டும்போது தெரியும் குறை நிஜமா, பழகியதை விட மனமில்லாமல் சொல்வதா? டர்போ கார்தான் வாங்குவது என்று முடிவானால், ஓட்டிப் பார்க்கும்போது எதைச் சோதிக்க வேண்டும், பிறகு எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது?

அலைநீளம்:

முதல் கேள்விக்கு மட்டும் வருகிறேன். சத்தத்தைச் சுருதி (எவ்வளவு உயரத்தில் ஒலிக்கிறது), நாதம் (ஒலியின் குணம்) என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

சுருதிக்குக் கணக்கு எளிது. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். ஆகவே ஆர்பிஎம்மை 60ஆல் வகுத்து, சிலிண்டர் எண்ணிக்கையில் பாதியால் பெருக்கினால் அடிப்படை அதிர்வெண் கிடைக்கும். நீங்கள் சொன்ன 3.8 எஞ்சின் 7,400இல் 370 ஹெர்ட்ஸ். 3.0 டர்போ 6,500இல் 325 ஹெர்ட்ஸ். சட்ஜத்துக்கும் சதுச்ருதி ரிஷபத்துக்கும் உள்ள இடைவெளி அளவுதான் இறக்கம். பிஎம்டபிள்யூ எம்3 விஷயத்தில் இறக்கம் பெரிது. ஈ92 தலைமுறையில் இருந்த வி8 (எட்டு சிலிண்டர்), 8,300இல் 553 ஹெர்ட்ஸ். 2014இல் வந்த எஃப்80இன் ஆறு சிலிண்டர் டர்போ 7,300இல் 365 ஹெர்ட்ஸ். அது ஸ முதல் ப வரையிலான இறக்கம். ஃபார்முலா ஒன்னில் இன்னும் அதிகம். 2013 வரை 18,000 ஆர்பிஎம் சுற்றிய வி8 எழுப்பியது 1,200 ஹெர்ட்ஸ். 2014இல் வந்த வி6 டர்போவுக்கு விதி 15,000 வரை இடம் கொடுத்தாலும், 10,500க்கு மேல் எரிபொருள் ஓட்டம் மணிக்கு 100 கிலோ என்று கட்டப்பட்டதால் சுமார் 12,000க்கு மேல் சுற்றிப் பயனில்லாமல் போனது. 12,000இல் 600 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு முழு ஸ்தாயி கீழே. சத்தம் போதவில்லை என்ற குறை வலுத்ததால் 2016இல் வேஸ்ட்கேட்டுக்கு (உபரிப் புகையை டர்போவுக்குள் விடாமல் திருப்பும் வால்வு) தனி வெளியேற்றக் குழாயைக் கட்டாயமாக்கினார்கள். கொஞ்சம் சத்தம் கூடியது, சுருதி அதே இடத்தில்தான் நின்றது.

911இல் சுருதி இறக்கம் இவ்வளவு சிறியது என்றால் காதுக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம் தெரிகிறது? அங்கேதான் நாதம் வருகிறது. எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் கணத்தில் சிலிண்டருக்குள் இன்னும் சில பார் அழுத்தம் மிச்சம் இருக்கும். அது குழாய்க்குள் செங்குத்தான முனையுள்ள துடிப்பாகப் பாய்கிறது. அந்தக் கூர்முனைதான் மேல் சுரங்களை, அதாவது உலோகம் போல் ஒலிக்கும் அந்தக் கிழிசலைத் தருகிறது. டர்போவுக்குள் புகையால் சுழலும் டர்பைன் சக்கரம் வேலை செய்வது அந்தத் துடிப்பின் ஆற்றலை உறிஞ்சித்தான். துடிப்பு அந்தப் பக்கம் போகும்போது முனை மழுங்கி, மேடுகள் தணிந்து, தொடர்ந்த ஓட்டம் போல் ஆகிவிடும். அதற்குப் பின்னால் எந்தச் சைலன்சரை வைத்தாலும் மிஞ்சியதைத்தான் அது வெளியே விடும். தொலைந்த மேல் சுரங்களை அது உண்டாக்காது. உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு இதுதான் விடை.

இன்னொன்று, சிலிண்டர்களின் புகையை ஒன்று சேர்க்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. டர்போ இல்லாத எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரின் குழாயும் நீளமாக, சம அளவில் வளைந்து போகும். ஒரு துடிப்பின் பின்னால் வரும் குறைந்த அழுத்த அலை அடுத்த சிலிண்டரைச் சுத்தமாகக் காலி செய்ய உதவ வேண்டும் என்பதற்காக அந்த நீளம். இசைக்கருவியின் குழாயும் இதே தத்துவம். டர்போவுக்கோ வெப்பம் வீணாகாமல் டர்பைனுக்குச் சேர வேண்டும், அதனால் குழாய்களைக் குட்டையாக்கிச் சீக்கிரமே ஒன்று சேர்த்துவிடுவார்கள்.

பலர் மறந்துவிடுவது காற்று உள்ளே போகும் பக்கத்தை. காருக்குள் உட்கார்ந்தவர் ரசிக்கும் சத்தத்தில் பெரும்பங்கு இன்டேக் உறுமல்தான். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் காற்றுக் கதவான த்ராட்டில் திறந்து, வால்வுகளின் துடிப்பு ஏர் பாக்ஸ் வழியாகத் திரும்பி வரும். 911 ஜிடி3 போல் சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில் இருந்தால் கேட்கவே வேண்டாம். டர்போ காரில் அந்த வழியில் காற்றை அழுத்தும் கம்ப்ரெசரும் அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் குறுக்கே நிற்கின்றன. உறுமல் அடங்கி, அதற்குப் பதில் சீறல் கேட்கும். கம்ப்ரெசர் சக்கரம் நிமிடத்துக்கு 1,20,000 சுற்றினால் நொடிக்கு 2,000 சுற்று. ஆறு பிளேடு இருந்தால் 12,000 ஹெர்ட்ஸ். காதின் மேல் எல்லையை ஒட்டிய விசில் அது. எஞ்சின் வேகத்தோடு ஒட்டாமல், பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) ஏறும்போது மட்டும் ஏறும்.

இவை போக, சத்த விதிகளும் இறுகிவிட்டன. ஐரோப்பாவில் சாதாரணக் கார்களுக்கான வரம்பு 2016 தொடங்கி படிப்படியாக 72, 70, 68 டெசிபல் என்று இறங்குகிறது. நேரடி ஊசி பெட்ரோல் எஞ்சின்களுக்கு வந்த துகள் வடிகட்டி இன்னொரு போர்வை. புதிய காரில் கேட்கும் மந்தத்தை எல்லாம் டர்போ தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை.

மூணாம்_கியர்:

அலைநீளம் சொன்னதற்குப் பிறகு சத்தத்தைப் பற்றிச் சேர்க்க ஒன்றுமில்லை. இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். குறை நிஜம்தான். ஆனால் பலர் சொல்லும் இடத்தில் இல்லை.

எல்லோரும் 'லேக்' என்று ஒரே வார்த்தையில் சொல்வதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, பூஸ்ட் தொடங்கும் வேகம். அந்த ஆர்பிஎம்முக்குக் கீழே டர்பைனைச் சுழற்றப் போதுமான வாயுவே இல்லை, எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பூஸ்ட் வராது. அதற்குத் தீர்வு கியரைக் குறைப்பது. இரண்டாவதுதான் உண்மையான லேக். ஆர்பிஎம் போதுமான அளவு இருந்தும், மிதித்த கணத்துக்கும் முழு டார்க் வரும் கணத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி. இன்றைய கார்களில் முதலாவது 1,500–2,000க்குள் இறங்கிவிட்டது. இரண்டாவது குறைந்திருக்கிறது, மறையவில்லை.

இது உறுத்துவது வளைவின் நடுவில். அங்கே வலது கால் ஸ்டீயரிங்கின் துணைக்கை மாதிரி வேலை செய்யும். ஒரு மில்லிமீட்டர் கூட்டினால் முன்பக்கம் லேசாக வெளியே போகும், ஒரு மில்லிமீட்டர் விட்டால் மூக்கு உள்ளே வரும். டர்போ இல்லாத எஞ்சினில் அந்த மில்லிமீட்டருக்கு உடனே பதில் உண்டு. டர்போவில் பதில் இரண்டு தவணையாக வரும். முதலில் த்ராட்டில் திறந்ததற்கான சின்னப் பதில், அரை நொடி கழித்து பூஸ்ட் கொண்டுவரும் பெரிய பதில். முதல் தவணை போதாது என்று நினைத்து இன்னும் மிதித்தவருக்கு, இரண்டாவது வந்து சேரும்போது பின்சக்கரம் வழுக்கும். கம்ப்ரெஷன் விகிதமும் (சிலிண்டர் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பது) இதில் சேர்கிறது. ஃபெராரி 458இல் 12.5, அதன் இடத்துக்கு 2015இல் வந்த டர்போ 488இல் 9.4. பூஸ்ட் இல்லாத கணங்களில் அந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும்.

அடுத்தது டார்க்கின் உருவம். 1,700இலேயே முழு டார்க் கிடைத்தால் 7,000 வரை போக வேண்டிய தேவை என்ன? காரணமே இல்லாமல் போகிறது. மேலே போகப் போகப் பரிசு கூடும் என்பதுதான் 458இன் 9,000 ஆர்பிஎம்மின் ஈர்ப்பு. ஃபெராரிக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் 488இல் 760 நியூட்டன் மீட்டர் முழுவதும் ஏழாவது கியரில் மட்டும் கிடைக்கும்படி வைத்தார்கள். கீழ் கியர்களில் ஆர்பிஎம் ஏற ஏற டார்க் ஏறும்படி மென்பொருளால் அடக்கி வைத்திருக்கிறார்கள். கையில் இருக்கும் டார்க்கைக் கொடுக்காமல் பிடித்துவைப்பதும் பொறியியல்தான், எனக்கு அது மிகச் சரியான முடிவாகப் படுகிறது.

டர்போவுக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்ல வேண்டும். உயரமான மலைப்பாதையில் டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். டர்போ சற்று வேகமாகச் சுற்றி அதைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். சாலை வேகத்துக்குள், நாலாவது கியரில், முன்னால் போகும் வண்டியை முந்த நினைக்கும்போதும் டர்போதான் கைகொடுக்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது செய்ய வேண்டியவை. கூலன்ட் முள் நடுவுக்கு வந்தால் போதாது, ஆயில் 80–90 டிகிரி வரட்டும். ஆட்டோமேட்டிக்காக இருந்தால் மேனுவலில் போடுங்கள். காலியான நேர்ச்சாலையில் மூன்றாவது கியர், 2,000 ஆர்பிஎம், சீராகப் போய்க்கொண்டே முழுதாக மிதித்து, முழு இழுப்பு வரும் வரை எண்ணுங்கள். பிறகு அதே கியரில் 4,000இல் ஒரு நொடி காலை எடுத்துவிட்டுத் திரும்ப அரைவாசி மிதியுங்கள். இந்த இரண்டாவது சோதனைதான் முக்கியம், வளைவில் நீங்கள் சந்திக்கப்போவது அதைத்தான். பதில் ஒரே மூச்சில் வருகிறதா, இரண்டு தவணையாக வருகிறதா என்று கவனியுங்கள். கடைசியாக, சிவப்புக் கோட்டுக்கு முன்னுள்ள 1,500 ஆர்பிஎம். அங்கே இழுப்பு தளர்ந்தால் சிறிய டர்பைனைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று பொருள். கீழே சுறுசுறுப்பு, மேலே மூச்சுத்திணறல்.

இவற்றை நார்மல், ஸ்போர்ட் இரண்டிலும் செய்யுங்கள். சில கார்களில் ஸ்போர்ட் மோடு பெடல் வரைபடத்தை மட்டும் மாற்றும். போர்ஷே 718 போன்றவற்றில் காலை எடுத்த பிறகும் த்ராட்டிலை மூடாமல் எரிபொருளை மட்டும் நிறுத்தி பூஸ்டைக் காப்பாற்றி வைக்கும். இரண்டாவது சோதனையில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

பட்டறை_மேசை:

மூன்றாவது கேள்வி. தொடக்கூடியதும் கூடாததும்.

முதலில் நீங்கள் கேட்பது நிஜமான சத்தமா என்று பாருங்கள். பல கார்களில் ஸ்பீக்கர் வழியாக எஞ்சின் ஒலி சேர்க்கப்படுகிறது. ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்கள் சிலவற்றில் முன்கண்ணாடிக்குக் கீழே அதிரும் ஒரு மோட்டார் வைத்திருப்பார்கள், அதன் கனெக்டரைக் கழற்றினாலே நிற்கும். ஆனால் ஆம்ப்ளிஃபயரின் ஃப்யூஸைப் பிடுங்கி ஒலியை நிறுத்தும் வழியைப் பின்பற்றாதீர்கள். அதே ஆம்ப்ளிஃபயர்தான் காருக்குள் இரைச்சலை எதிரலையால் அடக்கும் வேலையையும் செய்துகொண்டிருக்கலாம். அதுவும் சேர்ந்து நின்றால் இதுவரை இல்லாத ரீங்காரம் புதிதாக வரும். காற்றுக் குழாயிலிருந்து ஒரு சவ்வு வழியாக ஒலியைக் கேபினுக்குள் விடும் குழாய் வேறு வகை. அது உண்மையான இன்டேக் சத்தம், இருக்கட்டும்.

மாற்றங்களில் பாதுகாப்பானது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள பகுதி. 250 குதிரைத்திறனுக்குள் என்றால் 63–70 மில்லிமீட்டர் குழாய் போதும், 300ஐ ஒட்டி 76. இதில் வரும் பெரும்பாலான புகார்கள் ரீங்காரத்தை அடக்கும் நடு ரெசொனேட்டரை எடுத்துவிட்டதால் வருபவை. அதை வைத்துக்கொண்டு பின் சைலன்சரை மட்டும் மாற்றுங்கள். வால்வு உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது.

டர்போவிலிருந்து இறங்கும், கன்வர்ட்டர் உள்ள டவுன்பைப்பில்தான் சத்தம் நிஜமாகத் திறக்கும், சிக்கலும் அங்கேதான். கம்பெனி கன்வர்ட்டரில் சதுர அங்குலத்துக்கு 400–600 அறைகள், ஸ்போர்ட் வகையில் 200. பின் ஆக்சிஜன் சென்சார் திறன் குறைவைக் கண்டுபிடித்து பி0420 என்ற பிழைக் குறியீட்டோடு விளக்கெரிக்கும். டர்பைனுக்குப் பின்னால் எதிரழுத்தம் குறைந்ததும் டர்போ எளிதாகச் சுற்றும். வேஸ்ட்கேட்டின் துளை சிறியதாக இருந்தால் அது முழுதாகத் திறந்த பிறகும் உபரி வாயு வெளியேறாமல், மேல் ஆர்பிஎம்மில் பூஸ்ட் தானாக ஏறிக்கொண்டே போகும். பி0234 என்ற அதிக பூஸ்ட் பிழைக் குறியீடு வந்து வண்டி சக்தியைக் குறைத்துக்கொள்ளும். டியூன் (எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருள் அமைப்பு) மாற்றாமல் டவுன்பைப் மட்டும் மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கன்வர்ட்டரை முழுதாக எடுப்பது புகை விதிப்படி சட்டவிரோதம், அது பற்றிப் பேச்சே வேண்டாம்.

திறந்த ஏர் ஃபில்டர் சீறலைக் கூட்டும். குழாயின் விட்டத்தை மட்டும் மாற்றாதீர்கள். உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் உட்காரும் இடம் 70இலிருந்து 76 மில்லிமீட்டர் ஆனால் பரப்பு 18 சதவீதம் கூடும். அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் சுமார் 15 சதவீதம் குறைத்துச் சொல்லும். கம்ப்யூட்டர் எரிபொருளைக் குறைக்கும், கலவை வறண்டு நாக்கிங் (நேரம் தவறிய வெடிப்பு) வரும். வெப்பத் தடுப்பு இல்லாமல் வைத்தால் எஞ்சின் அறையின் சூட்டுக் காற்றைத்தான் குடிக்கும்.

'பிஷ்ஷ்' சத்தத்துக்காக காலை எடுத்ததும் மிஞ்சிய பூஸ்ட் காற்றை வெளியே ஊதும் ப்ளோ ஆஃப் வால்வு போடுவதும் இதே கதை. ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள காரில் அந்தக் காற்று ஏற்கெனவே அளக்கப்பட்டுவிட்டது. அதை வெளியே விட்டால் அதற்கான பெட்ரோல் மட்டும் மிஞ்சி, கியர் மாற்றும்போதெல்லாம் கலவை கெட்டியாகும், வண்டி திக்கும். அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் கார்களில் மட்டும் பிரச்சினை இல்லை.

காலை எடுத்ததும் பட்பட் என்று வெடிக்கும் டியூன், தயவுசெய்து வேண்டாம். இக்னிஷனைத் தாமதப்படுத்தி எரிபொருளைக் குழாய்க்குள் எரிய விடுவதுதான் அது. கன்வர்ட்டரின் பீங்கான் உடைந்து வழியை அடைக்கும், டர்பைனும் எக்ஸாஸ்ட் வால்வும் தேவையில்லாமல் வேகும்.

நேர்வரிசை_6:

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு துணைக் கேள்விகள். பின் சைலன்சர் மாற்றிய நாலு சிலிண்டர் டர்போவில் 2,400 ஆர்பிஎம்மில் கேபினுக்குள் ரீங்காரம் வந்தால் அதைக் கணக்குப் போட்டுத் தீர்க்க வழி உண்டா? டர்போ என்றாலே மந்தமான சத்தம் என்றுதான் விதியா?

பட்டறை_மேசை:

உண்டு. 2,400 ஆர்பிஎம்மில் நாலு சிலிண்டர் என்றால் 80 ஹெர்ட்ஸ். பிரதான குழாயிலிருந்து ஒரு கிளைக் குழாயை வெல்டு செய்து, அதன் மறுமுனையை மூடிவிட வேண்டும். நீளம் அந்த அலையின் கால் பங்கு. உள்ளே போன அலை மூடிய முனையில் மோதித் திரும்பும்போது எதிர்க்கட்டத்தில் வந்து 80 ஹெர்ட்ஸை மட்டும் கொல்லும்.

தவறு நடப்பது ஒலியின் வேகத்தில். 343 மீட்டர் என்பது சாதாரண அறை வெப்பத்துக்கு. கிளைக்குள் வாயு ஓடாது என்பதால் பிரதான குழாயைவிடச் சூடு குறைவு, 150 டிகிரி என்று வைத்தால் வேகம் சுமார் 410. அதை நாலு பெருக்கல் 80, அதாவது 320ஆல் வகுத்தால் 1.28 மீட்டர். 343ஐப் போட்டால் 1.07 மீட்டர் வரும், வெட்டிப் பொருத்திய பிறகு ரீங்காரம் அப்படியே இருக்கும். அதனால் 10 சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு, முனையைத் தற்காலிகமாக மூடி, ஓட்டிப் பார்த்து, ரீங்காரம் எந்த ஆர்பிஎம்முக்கு நகர்கிறது என்று குறித்துக்கொண்டு வெட்டி வாருங்கள். கிளையின் விட்டம் பிரதான குழாயின் அளவுக்கே இருக்கட்டும். மூடிய முனை கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் தண்ணீர் தேங்கி அரிக்கும், மேல்நோக்கி இருக்கட்டும்.

அலைநீளம்:

விதி இல்லை. டர்பைன் எடுத்துக்கொள்ளும், ஆனால் எதைக் கொடுக்கிறோம் என்பது எஞ்சினைப் பொறுத்தது. ஆடியின் ஐந்து சிலிண்டர் டர்போ 1-2-4-5-3 என்ற வரிசையில் வெடிக்கிறது. பக்கத்துச் சிலிண்டரும் தூரத்துச் சிலிண்டரும் மாறி மாறி வருவதால் ஏற்படும் அந்தத் தள்ளாட்டத் தாளம் டர்பைனைத் தாண்டியும் பிழைக்கிறது. சுபாருவின் பழைய உருட்டல் சத்தம் சமமில்லாத குழாய் நீளத்தால் வந்தது. சம நீளமும், துடிப்புகளை இரண்டு தனி வழிகளில் டர்பைனுக்கு அனுப்பும் ட்வின் ஸ்க்ரோல் டர்போவும் வைத்ததும் பதில் விரைவானது, உருட்டல் போனது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கினார்கள்.

நாலு சிலிண்டருக்கு இறங்கியதால் வந்த குறையைத் தனியே பாருங்கள். 2016இல் போர்ஷே 718க்கு நாலு சிலிண்டர் டர்போ கொடுத்தார்கள், சத்தம் பற்றிய குறை நிற்கவே இல்லை. 2019இல் ஜிடி4, அடுத்த ஆண்டு ஜிடிஎஸ் என்று டர்போ இல்லாத 4.0 லிட்டர் ஆறு சிலிண்டரைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மறுபக்கம் ஃபெராரி 296. 120 டிகிரி வி6, டர்போக்கள் வி வடிவத்துக்கு நடுவே, சம நீளக் குழாய்கள், சம இடைவெளி வெடிப்பு, 8,500 ஆர்பிஎம். 425 ஹெர்ட்ஸ் வரை போகிறது, துடிப்புகள் சீராக அடுக்கப்பட்டிருப்பதால் மேல் சுரங்களும் சேர்ந்து நிற்கின்றன. கன்வர்ட்டருக்கு முன்பிருந்தே ஒலியைக் கேபினுக்குக் கொண்டுபோக ஒரு குழாயும் வைத்திருக்கிறார்கள். கட்டியவர்களே அதைக் குட்டி வி12 என்று செல்லமாக அழைத்தார்கள்.

மூணாம்_கியர்:

பதில் வேகத்தில் பெரிய மாற்றம் மின்மோட்டார் சேர்ந்த டர்போவால் வந்திருக்கிறது. 2022இல் ஏஎம்ஜி சி43, 2024இல் 911 கரேரா ஜிடிஎஸ். டர்பைனுக்கும் கம்ப்ரெசருக்கும் நடுவே உள்ள மோட்டார் வாயுவுக்குக் காத்திராமல் தண்டைச் சுழற்றுகிறது. 911இல் இரண்டு டர்போக்களின் இடத்தில் ஒன்று போதுமானது, வேஸ்ட்கேட்டே இல்லை, உபரி ஆற்றலை 11 கிலோவாட் வரை மின்சாரமாக எடுத்துக்கொள்கிறது. நான் சொன்ன இரண்டாவது சோதனையில் இரண்டு தவணை என்பது பெரும்பாலும் மறைந்துவிடும். டர்பைன் அதே இடத்தில்தான் நிற்கிறது என்பதால் நாதத்துக்கு இது மருந்தல்ல.

பட்டறை_மேசை:

பழைய கார் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒரு கடைசி விஷயம். ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். பூஸ்ட் ஏறும்போது மட்டும் 'ஸ்ஸ்' என்று காற்று கசியும் சத்தம், கூடவே இழுப்பும் குறைவு என்றால் இன்டர்கூலர் ஹோஸ் அல்லது கிளாம்ப். இன்டேக்கை அடைத்து 1 பார் காற்றேற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் இடம் தெரியும். குறைந்த ஆர்பிஎம்மில் தகரம் ஆடுவது போல் கடகடத்தால் வேஸ்ட்கேட் தண்டு தேய்ந்திருக்கிறது. ஆம்புலன்ஸ் சைரன் போல் ஏறி இறங்கும் ஊளை கேட்டால் டர்போ பேரிங் அல்லது சக்கரத்தின் பேலன்ஸ் போய்விட்டது. அப்போது இன்டேக் குழாயைக் கழற்றி, எஞ்சின் ஆறிய பிறகு கம்ப்ரெசர் சக்கரத்தை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் இம்மி அசைவு இருக்கலாம். ஆனால் சக்கரம் கூட்டில் உரசினாலோ, தண்டு நீளவாக்கில் முன்னும் பின்னும் நகர்ந்தாலோ அந்த டர்போவின் ஆயுள் முடிந்தது. மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும்.